பத்தாம் தேதிக்குள்ளா, பத்தாம் தேதி வரையா?
வியாபாரக் கடிதங்களில் வரும் ஆங்கிலக் காலச் சொற்கள்

ஜவுளி மொத்த வியாபாரிக்குத் தீபாவளி என்பது காலண்டரில் சிவப்பு மையில் போட்ட நாளில் வருவதில்லை. இருபது நாள் முன்னதாக வந்து, பத்து நாள் முன்னதாகவே போய்விடும். சுற்றுவட்டாரச் சில்லறைக் கடைக்காரர்கள் கொள்முதலை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிவிட்டால், அதன் பிறகு நம் கிட்டங்கியில் இறங்கும் சரக்கு தீபாவளிச் சரக்கு அல்ல. பொங்கல் வரை தூங்கும் சரக்கு.

இதை நான் காசு கொடுத்துத் தெரிந்துகொண்டேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் இருக்கும். அந்த ஆண்டு தீபாவளி அக்டோபர் கடைசி வாரத்தில் வந்தது. சூரத்தில் உள்ள ஒரு சேட்டிடம் இருபத்துநான்கு பேல் புடவைக்கு ஆர்டர் போட்டோம். எங்கள் கடையில் ஆங்கிலக் கடிதங்களை எழுதி வந்தவர் அப்போதுதான் பி.காம். முடித்துவிட்டு வேலைக்குச் சேர்ந்த ஒரு தம்பி. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவரிடம் நான், ‘பத்தாம் தேதிக்குள்ளே சரக்கு வேணும்னு எழுதுப்பா’ என்றேன். அவர் எழுதியது: ‘பிளீஸ் சென்ட் தி கூட்ஸ் அன்டில் டென்த் அக்டோபர்.’ நானும் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன்.

சேட் சொன்னபடி செய்தார். செப்டம்பர் கடைசியில் ஆறு பேல் புக் செய்தார். மூன்றாம் தேதி ஆறு பேல். ஏழாம் தேதி ஆறு பேல். மீதி ஆறு பேலைச் சரியாகப் பத்தாம் தேதி லாரி ஆபீசில் போட்டார். சூரத்திலிருந்து நம்மூருக்கு லாரி வர அப்போது ஏழெட்டு நாள் ஆகும். கடைசி இரண்டு தவணையும் வந்து இறங்கியபோது எங்கள் கடையில் கூட்டம் வடிந்துவிட்டது. போன் போட்டுச் சத்தம் போட்டேன். அவர் நிதானமாக, ‘பத்தாம் தேதி வரை அனுப்புங்கள் என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? பத்தாம் தேதி வரை அனுப்பினேன். கடிதத்தின் நகலை எடுத்துப் பாருங்கள்’ என்றார். எடுத்துப் பார்த்தேன். பதில் பேச வாய் இல்லை. பன்னிரண்டு பேல் சரக்கைத் தை மாதம் அசல் விலைக்குத் தள்ளினோம். மூன்று மாத வட்டி எங்கள் தலையில்.

அன்று முதல் ஆங்கிலத்தில் காலத்தைச் சொல்லும் சின்னச் சின்னச் சொற்களின் மீது எனக்கு ஒரு பயம் கலந்த மரியாதை உண்டு. ஓய்வு நேரத்தில் இலக்கணப் புத்தகங்களைப் புரட்டியதிலும், வக்கீல் நண்பர்களிடமும் பாங்க் நண்பர்களிடமும் கேட்டதிலும் தெரிந்துகொண்டவற்றை நம் உறுப்பினர்களுக்காக எழுதுகிறேன். ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். வாய்விட்டுப் படித்தால் சரியாக வரும்.

‘பை’ வேறு, ‘அன்டில்’ வேறு

தமிழில் நமக்கு இந்தக் குழப்பமே இல்லை. ‘பத்தாம் தேதிக்குள்’ என்றால் ஒரு கெடு. அதற்கு முன் எப்போது நடந்தாலும் சரி, ஒரு தடவை நடந்தால் போதும். ‘பத்தாம் தேதி வரை’ என்றால் ஒரு காரியம் அன்றுவரை தொடர்ந்து நடக்கிறது. முன்னதற்கு ஆங்கிலத்தில் ‘பை’. பின்னதற்கு ‘அன்டில்’ அல்லது ‘டில்’.

கடை ஒன்பது மணி வரை திறந்திருக்கும்: ‘அன்டில் நைன்.’ பணம் ஐந்து மணிக்குள் கட்ட வேண்டும்: ‘பை ஃபைவ்.’ எழுதுவதற்கு முன் மனத்துக்குள் தமிழில் ஒருமுறை சொல்லிப் பாருங்கள். ‘வரை’ வருகிறதா, ‘உள்’ வருகிறதா என்று காது சொல்லிவிடும். எங்கள் தம்பிக்கும் தமிழ் காது சரியாகத்தான் இருந்தது. ஆங்கிலத்துக்குப் போகும்போது அகராதியில் கண்ணில் பட்ட முதல் சொல்லைப் போட்டுவிட்டார்.

‘பை டென்த்’ என்றால் பத்தாம் தேதியும் சேர்த்தியா என்று சிலர் கேட்பார்கள். பொதுவாகச் சேர்த்திதான். ஆனால் பணமும் வட்டியும் சம்பந்தப்பட்ட இடத்தில் பொதுவாக என்ற பேச்சு உதவாது. ‘ஆன் ஆர் பிஃபோர் டென்த் அக்டோபர்’ என்று எழுதிவிட்டால் அன்றோ அதற்கு முன்போ என்று தெளிவாகிவிடும். வெறும் ‘பிஃபோர் டென்த்’ என்றால் பத்தாம் தேதி சேராது, ஒன்பதாம் தேதியோடு சரி. தள்ளுபடி அறிவிப்பில் ‘அன்டில் தர்ட்டிஃபர்ஸ்ட்’ என்று போட்டுவிட்டு 31-ஆம் தேதி வரும் வாடிக்கையாளரிடம் வாதாடுவதற்குப் பதில் ‘அப் டூ அண்ட் இன்க்ளூடிங்’ என்று போடலாம். ‘அப் டூ’ என்பது இரண்டு சொல். சேர்த்து ஒரே சொல்லாக எழுதுவது நம் நாட்டுப் பழக்கம். அர்த்தம் கெடாது, அகராதி ஒத்துக்கொள்ளாது, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் கடிதத்தில் ‘பை’ என்று சரியாக எழுதியிருந்தால்கூட, ‘சென்ட்’ என்று இருந்ததால் சேட் எல்லாச் சரக்கையும் பத்தாம் தேதி லாரியில் ஏற்றியிருக்கலாம். அனுப்பும் நாள் வேறு, வந்து சேரும் நாள் வேறு. ‘தி கூட்ஸ் ஷுட் ரீச் அவர் கோடவுன் பை டென்த் அக்டோபர்’ என்பதுதான் நான் சொல்ல நினைத்தது. இப்போது கடிதம் போய் வாட்ஸ்அப் வந்துவிட்டது. ஆனாலும் வட இந்தியாவுக்கு நம் கடைகளிலிருந்து போகும் செய்திகளில் பாதி ஆங்கிலத்தில்தான் போகிறது. தகராறு வந்தால் முதலில் தேடுவதும் அந்தச் செய்தியைத்தான்.

‘வித்தின் டென்த்’ என்று ஒன்று கிடையாது

நம் பக்கத்தில் மிகவும் புழங்கும் தவறு இது. ‘வித்தின் டென்த் பேமெண்ட் அனுப்புகிறோம்’ என்று சொல்லாத கடையே இல்லை. ‘வித்தின்’ என்பது கால அளவோடுதான் சேரும்: ‘வித்தின் டென் டேஸ்’, ‘வித்தின் எ மன்த்.’ தேதியோடு சேராது. தேதிக்கு ‘பை’. தமிழில் ‘பத்து நாளுக்குள்’, ‘பத்தாம் தேதிக்குள்’ இரண்டுக்கும் ஒரே ‘உள்’ வருவதால் நமக்கு இந்தச் சறுக்கல் ஏற்படுகிறது. போனில் பேசும்போது ‘டென்த்’, ‘டென் டேஸ்’ இரண்டும் காதில் ஏறக்குறைய ஒன்றாகவே விழும். மாதம் 25-ஆம் தேதி பேசும் பேச்சில் ‘வித்தின் டென்த்’ என்றால் அடுத்த மாதம் பத்தா, இன்னும் பத்து நாளா? கணக்குப் போட்டால் ஐந்தாறு நாள் வித்தியாசம். ஐந்து நாளில் ஒரு காசோலை திரும்பி வந்துவிடும்.

‘வித்தின் டென் டேஸ்’ என்றால் பத்து நாளுக்குள் என்றைக்கும். ‘இன் டென் டேஸ்’ என்றால் பத்து நாள் கழிந்த நிலையில், ஏறக்குறைய பத்தாவது நாள். ‘ஆஃப்டர் டென் டேஸ்’ என்றால் பத்து நாளுக்குப் பிறகு, அது பதினோராவது நாளாகவும் இருக்கலாம், தீபாவளியாகவும் இருக்கலாம். நமக்குப் பணம் தர வேண்டியவர் ‘ஆஃப்டர் எ வீக்’ என்று எழுதினால், ‘வித்தின் எ வீக்’ என்று மாற்றி எழுதித் தரச் சொல்லுங்கள். சங்கடப்படுவார். அந்தச் சங்கடத்திலேயே விவரம் தெரிந்துவிடும்.

‘சின்ஸ்’ போட்ட பெயர்ப்பலகை

நம் கடைத்தெருவில் ஒரு சுற்று நடந்தால் ‘சின்ஸ் 1952’, ‘ஃப்ரம் 1948’ என்று பலகைகள் தெரியும். முன்னது சரி. பின்னது வேண்டாம். ‘சின்ஸ்’ என்றால் ஒரு காலப்புள்ளியில் தொடங்கி இன்றுவரை. ஆகவே ஆண்டு, தேதி, கிழமை இவற்றோடு வரும். ‘ஃபார்’ என்றால் இத்தனை காலமாக. ஆகவே முப்பது வருஷம், ஆறு மாதம் என்ற அளவோடு வரும். ‘சின்ஸ் தர்ட்டி இயர்ஸ்’ என்பது நம் ‘முப்பது வருஷமா’ என்பதன் நேரடி வார்ப்பு. ஆங்கிலத்தில் அது இல்லை.

வினைச்சொல்லும் மாற வேண்டும். ‘வி ஆர் டூயிங் பிசினஸ் வித் யூ ஃப்ரம் 1985’ என்று பெருமையாக எழுதுகிறோம். ஆங்கிலேயன் எழுதினால் ‘வி ஹேவ் பீன் டூயிங் பிசினஸ் வித் யூ சின்ஸ் 1985’ என்பான். நேற்று தொடங்கி இன்றும் தொடரும் காரியத்துக்கு அந்த ‘ஹேவ் பீன்’ தேவை. நிகழ்கால வினை மட்டும் போட்டால் பழைய உறவு என்ற பாரம் அதில் ஏறாது. ‘ஃப்ரம்’ கெட்ட சொல் அல்ல. ‘ஃப்ரம் நைன் டூ எயிட்’ என்று இரு முனையும் சொல்லும்போதும், ‘ஃப்ரம் ஃபர்ஸ்ட் ஏப்ரல் புதிய விலை’ என்று வரப்போவதைச் சொல்லும்போதும் அதுதான் சரியான சொல்.

‘இரண்டு நாளைக்கு முன் டிராப்ட் அனுப்பினோம்’ என்பதை ‘பிஃபோர் டூ டேஸ்’ என்று எழுதுபவர்கள் உண்டு. ‘டூ டேஸ் அகோ’ என்பதே சரி. ‘டுடே மார்னிங்’ என்பதற்கு ‘திஸ் மார்னிங்’. ‘எஸ்டர்டே நைட்’ என்பதற்கு ‘லாஸ்ட் நைட்’. ஆனால் ‘எஸ்டர்டே மார்னிங்’, ‘டுமாரோ மார்னிங்’ இரண்டும் சரி. ஏன் இப்படி என்று என்னைக் கேட்காதீர்கள், மொழிக்கு அதன் பழக்கம். இவற்றால் யாருக்கும் நஷ்டம் வராது. படிப்பவர் சிரித்துக்கொள்வார், அவ்வளவே.

மணிக்கு ‘அட்’, நாளுக்கும் தேதிக்கும் ‘ஆன்’, மாதத்துக்கும் ஆண்டுக்கும் ‘இன்’. ‘நெக்ஸ்ட்’, ‘லாஸ்ட்’, ‘திஸ்’, ‘எவ்ரி’ முன்னால் வந்துவிட்டால் இந்த மூன்றும் வேண்டாம். ‘ஆன் நெக்ஸ்ட் மண்டே’ அல்ல, ‘நெக்ஸ்ட் மண்டே’.

அடுத்த வெள்ளி எந்த வெள்ளி?

அந்த ‘நெக்ஸ்ட்’தான் அடுத்த வில்லங்கம். திங்கட்கிழமை பேசும் ஒருவர் ‘நெக்ஸ்ட் ஃப்ரைடே’ என்றால் நான்கு நாளில் வரும் வெள்ளியா, பதினோரு நாளில் வரும் வெள்ளியா? ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுபவர்களுக்குள்ளேயே இதில் ஒற்றுமை இல்லை. சிலருக்கு வருகிற வெள்ளி ‘திஸ் ஃப்ரைடே’, அதற்கடுத்ததே ‘நெக்ஸ்ட்’. சிலருக்கு முதலில் வருவதே ‘நெக்ஸ்ட்’. நாம் ‘வர்ற வெள்ளி’ என்றும், ‘இந்த வெள்ளி விட்டு அடுத்த வெள்ளி’ என்றும் விரலை மடக்கிச் சொல்லித் தப்பிக்கிறோம். ஆங்கிலத்தில் தப்பிக்க ஒரே வழி கிழமையோடு தேதியையும் சேர்த்துச் சொல்வது.

பழைய கணக்குப்பிள்ளைகள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். ‘யுவர் லெட்டர் ஆஃப் டென்த் இன்ஸ்டன்ட்’ என்று எழுதுவார்கள். ‘இன்ஸ்டன்ட்’ என்றால் இந்த மாதம், ‘அல்டிமோ’ என்றால் போன மாதம், ‘பிராக்சிமோ’ என்றால் வரும் மாதம். லத்தீன் மொழியிலிருந்து வந்த சொற்கள். காபிக்கு ‘இன்ஸ்டன்ட்’ வரும் முன்பே கடிதத்துக்கு வந்துவிட்டது. எங்கள் அப்பா காலத்துக் கடித நகல் கட்டில் இவை பக்கத்துக்குப் பக்கம் இருக்கும். மாதக் கடைசியில் எழுதிய கடிதம் மறு மாதம் போய்ச் சேர்ந்தால் ‘இந்த மாதம்’ எது என்ற கேள்வி அதிலும் உண்டு. இப்போது அந்த வழக்கு மறைந்துவிட்டது. மாதத்தின் பெயரையே எழுதுவதால் நஷ்டமில்லை.

மாதத்தின் பெயரை எழுத்தில் எழுதச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 5/10 என்று எண்ணில் போட்டால் நமக்கு அக்டோபர் ஐந்து. அமெரிக்கருக்கு மே பத்து. அவர்கள் மாதத்தை முன்னால் போடுவார்கள். 25/10 என்றால் பிழை உடனே தெரிந்துவிடும். பன்னிரண்டு வரையிலான தேதிகளில்தான் ஆபத்து. கப்பல் சரக்கில் கை வைத்திருப்பவர்கள் இதில் கவனமாக இருக்க வேண்டும். ‘ஃபார்ட்நைட்’ என்று இரண்டு வாரத்தைச் சொல்வதும் நமக்கும் இங்கிலாந்துக்கும் புரியும், அமெரிக்காவில் வழக்கமில்லை. ‘பைவீக்லி’ என்பதற்கு வாரம் இருமுறை என்றும், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்றும் அகராதிகள் இரண்டு பொருளையும் தருகின்றன. அப்படிப்பட்ட சொல் ஒப்பந்தத்துக்கு ஆகாது. ‘பிரீபோன்’ நம் நாட்டுச் சரக்கு. ஆக்ஸ்போர்டு அகராதி இந்திய ஆங்கிலம் என்று அடையாளம் போட்டுச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. டில்லிக்கு எழுதும்போது போடலாம். லண்டனுக்கு எழுதும்போது ‘பிரிங் ஃபார்வர்ட்’.

இரவு பன்னிரண்டு மணி விவகாரம் நம்மில் பலர் ரயில்வே ஸ்டேஷனில் கற்றுக்கொண்டது. 15-ஆம் தேதி 00.10 மணி வண்டிக்கு டிக்கெட் எடுத்துவிட்டு 15-ஆம் தேதி இரவு போய் நின்றால் வண்டி முந்தின இரவே போயிருக்கும். ‘மிட்நைட் ஆஃப் ஃபிஃப்டீன்த்’ என்று எழுதினால் பதினைந்து தொடங்கும் நள்ளிரவா, முடியும் நள்ளிரவா என்ற சந்தேகம் வரும். ‘11.59 பி.எம்.’ என்று எழுதினால் வராது. பகல் பன்னிரண்டுக்கு ‘12 நூன்’. ‘12 ஏ.எம்.’, ‘12 பி.எம்.’ இரண்டையும் தவிர்ப்பது நல்லது.

பாக்கெட்டில் அச்சடித்த ‘பிஃபோர்’

மளிகை, பேக்கரி உறுப்பினர்களுக்காக ஒன்று. ‘பெஸ்ட் பிஃபோர்’, ‘யூஸ் பை’ இரண்டும் ஒன்றல்ல. ‘பெஸ்ட் பிஃபோர்’ என்பது தரத்தைப் பற்றிய பேச்சு: இந்த நாளுக்கு முன் சாப்பிட்டால் ருசியும் மணமும் முழுசாக இருக்கும். ‘யூஸ் பை’ என்பது கெடு: இந்த நாளுக்குள் பயன்படுத்தியாக வேண்டும், கடந்த சரக்கை விற்கக் கூடாது. நம் நாட்டு 2020-ஆம் ஆண்டு உணவு லேபிள் விதிகளில் ‘யூஸ் பை’ அல்லது ‘எக்ஸ்பைரி’ தேதிதான் கட்டாயம். ‘பெஸ்ட் பிஃபோர்’ கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம். கடைப் பையன்களுக்கு இந்த இரண்டு சொற்றொடரையும் அலமாரி அருகில் நிறுத்திப் பாக்கெட்டைக் காட்டியே சொல்லித் தர வேண்டும். அதிகாரி வந்து நிற்கும்போது ‘ரெண்டும் ஒண்ணுதானேன்னு நெனச்சேன்’ என்ற பதில் செல்லாது.

சுப்ரீம் கோர்ட் வரை போன ‘ஆஃப்’

இலக்கணம் எல்லாம் பள்ளிக்கூட வாத்தியாருக்கு என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். திரும்பி வந்த காசோலைக்கு 138-வது பிரிவில் வழக்குப் போடுவது நமக்குப் பழகிப்போன விஷயம். பணம் இல்லை என்ற தகவல் பாங்கிலிருந்து கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன் இது 15 நாளாக இருந்தது. நோட்டீஸ் கிடைத்த 15 நாளுக்குள் எதிராளி பணம் தரவில்லை என்றால், அதன் பின் ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஒரு மாதத்தை எந்த நாளிலிருந்து எண்ணுவது?

ஒரு வழக்கில் நோட்டீஸ் 1995 செப்டம்பர் 29 அன்று சேர்ந்தது. பதினைந்து நாள் கெடு அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அக்டோபர் 15-ல் வழக்குப் போடும் உரிமை பிறந்தது. புகார் தாக்கல் ஆனது நவம்பர் 15. அக்டோபர் 15-ஐயும் சேர்த்து எண்ணினால் ஒரு மாதம் நவம்பர் 14-ல் முடிந்துவிட்டது, வழக்கு தள்ளுபடி. அதைச் சேர்க்காமல் எண்ணினால் நவம்பர் 15 கடைசி நாள், வழக்கு நிற்கும். சுப்ரீம் கோர்ட் 1999-ல், முதல் நாளைச் சேர்க்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. பணம் கொடுத்தவர் ஒரே நாளில் பிழைத்தார்.

அதோடு முடியவில்லை. முதல் நாளைத் தள்ளி எண்ணும் வழக்கம் ‘ஃப்ரம்’ என்ற சொல்லுக்கு உரியது. சட்டத்தில் இருப்பதோ ‘வித்தின் ஒன் மன்த் ஆஃப்’. ‘ஃப்ரம்’ என்று இல்லாமல் ‘ஆஃப்’ என்று இருப்பதால் கணக்கு மாறுமா என்று கேள்வி கிளம்பியது. வெவ்வேறு தீர்ப்புகளில் வெவ்வேறு கருத்து. கடைசியில் 2013-ல் மூன்று நீதிபதிகள் அமர்ந்து, இந்த இடத்தில் இரண்டு சொல்லுக்கும் வித்தியாசம் இல்லை, முதல் நாள் சேராது என்று முடிவு செய்தார்கள். ஒரு குட்டிச் சொல்லுக்குப் பொருள் தெரிய இத்தனை ஆண்டு, இத்தனை வக்கீல் பீஸ்.

‘ஃப்ரம்’ பற்றிய விதி எங்கிருந்து வருகிறது என்றால், ஜெனரல் கிளாசஸ் ஆக்ட் என்ற 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 9-வது பிரிவிலிருந்து. ‘ஃப்ரம்’ போட்டால் முதல் நாள் நீங்கும், ‘டூ’ போட்டால் கடைசி நாள் சேரும். இது சட்டங்களைப் படிப்பதற்கான விதி. நாம் எழுதும் ஒப்பந்தத்தில் என்ன நினைத்தோம் என்பதை நாம்தான் எழுத வேண்டும். ‘தர்ட்டி டேஸ் கிரெடிட்’ என்று மொட்டையாக விட்டால், பில் தேதியிலிருந்தா, லாரி ரசீது தேதியிலிருந்தா, சரக்கு கிட்டங்கியில் இறங்கிய நாளிலிருந்தா? மூன்றுக்கும் நடுவில் பத்து நாள் ஓடிவிடும். ‘தர்ட்டி டேஸ் ஃப்ரம் தி டேட் ஆஃப் இன்வாய்ஸ்’ என்று ஐந்தாறு சொல் கூடுதலாக எழுதுவதற்கு மை அதிகம் செலவாகாது.

முப்பது நாளும் ஒரு மாதமும் ஒன்றல்ல என்பதும் நினைவிருக்கட்டும். மாதம் என்றால் காலண்டர் மாதம். பில் ஆஃப் எக்ஸ்சேஞ்ச் எழுதுபவர்களுக்கு 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். 1878 ஜனவரி 29 தேதியிட்டு ஒரு மாதத் தவணையில் எழுதிய ஆவணம், பிப்ரவரியில் 29-ஆம் தேதி இல்லாததால், பிப்ரவரி 28-க்குப் பின் மூன்றாம் நாளில் முதிரும் என்கிறது சட்டம். அந்த மூன்று நாள் சலுகை நாள். முதிரும் நாள் பொது விடுமுறையாக இருந்தால் அதற்கு முந்திய வேலை நாளே கெடு. பலர் அடுத்த நாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். காசோலைக்கும் அப்படித்தான் ஒரு நினைப்பு மாறாமல் இருக்கிறது. ஆறு மாதம் செல்லும் என்பது 2012 ஏப்ரல் 1-ஆம் தேதியோடு போய்விட்டது. இப்போது மூன்று மாதம்தான்.

ஏற்றுமதியாளர்களின் தனி அகராதி

எல்.சி. எனப்படும் கடனுறுதிக் கடிதத்தின் மூலம் வியாபாரம் செய்பவர்களுக்கு இந்தத் தலைவலியைச் சர்வதேச வர்த்தக சபை குறைத்து வைத்திருக்கிறது. யூ.சி.பி. 600 என்ற விதித்தொகுப்பு 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் மூன்றாவது விதியைப் படித்தபோது, எங்கள் சூரத் கடிதம்தான் ஞாபகம் வந்தது. உலகம் முழுவதும் பலர் எங்களைப் போலவே அடிபட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

கப்பலில் ஏற்றும் காலத்தைச் சொல்லும்போது ‘டூ’, ‘அன்டில்’, ‘டில்’, ‘ஃப்ரம்’, ‘பிட்வீன்’ என்ற சொற்கள் குறிப்பிட்ட தேதியையும் சேர்த்தே குறிக்கும். ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ சேர்க்காது. ஆனால் பணம் முதிரும் நாளைக் கணக்கிடும்போது அதே ‘ஃப்ரம்’ அந்தத் தேதியைச் சேர்க்காது. ஒரே சொல், ஏற்றுமதி நாளுக்கு ஒரு கணக்கு, பண நாளுக்கு ஒரு கணக்கு. ‘ஆன் ஆர் அபவுட்’ என்று போட்டால் குறித்த நாளுக்கு முன் ஐந்து நாள், பின் ஐந்து நாள், இரு கோடியும் சேர்த்தி. ஆக மொத்தம் பதினோரு நாள் இடம் கிடைக்கிறது. மாதத்தின் ‘பிகினிங்’ என்றால் 1 முதல் 10, ‘மிடில்’ என்றால் 11 முதல் 20, ‘எண்ட்’ என்றால் 21 முதல் கடைசி நாள் வரை. ‘ஃபர்ஸ்ட் ஹாஃப்’ என்றால் 1 முதல் 15.

நம் எல்லாருக்கும் பிடித்த ‘இமீடியட்லி’, ‘ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள்’ பற்றி அந்த விதி என்ன சொல்கிறது தெரியுமா? ஆவணத்தில் பயன்படுத்த வேண்டிய கட்டாயம் இல்லாத இடத்தில் அவை கண்டுகொள்ளப்படமாட்டா. எழுதியும் எழுதாததற்குச் சமம். ‘டூ தி நீட்ஃபுல் அட் தி எர்லியஸ்ட்’ என்று முடியும் நம் கடிதங்களை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

அந்தத் தம்பி அதன் பிறகும் எட்டு ஆண்டுகள் எங்களிடம் வேலை பார்த்தார். சூரத் சேட்டோடு வியாபாரமும் நிற்கவில்லை. மறு ஆண்டு அதே தம்பிதான் ஆர்டர் எழுதினார். ‘ஆல் ட்வென்டிஃபோர் பேல்ஸ் ஷுட் ரீச் அவர் கோடவுன் ஆன் ஆர் பிஃபோர் டென்த் அக்டோபர்’ என்று எழுதி, அடிக்கோடும் போட்டு என் முன்னால் வைத்தார். ‘ரெண்டாம் தடவை படிச்சுட்டுக் கையெழுத்துப் போடுங்க முதலாளி’ என்றார். சரக்கு எட்டாம் தேதி இறங்கியது.

உறுப்பினர்கள் தங்கள் கடைகளில் புழங்கும் ஆங்கிலக் கடித வாசகங்களில் சந்தேகம் உள்ளவற்றைச் சங்க அலுவலகத்துக்கு எழுதி அனுப்பலாம். தெரிந்தவரை பதில் தருகிறேன். தெரியாததை விவரம் அறிந்தவர்களிடம் கேட்டு எழுதுகிறேன். எடை, எண்ணிக்கை, ‘டஜன்’, ‘குரோஸ்’ பற்றிய வில்லங்கங்கள் தனியாக ஒரு கட்டுரைக்கு இருக்கின்றன.